பச்சையும் கறுப்புமாய்க் கட்டம் போட்டு இன்ஃபினிட்டி காசில் பார்க்கப் போனோம்

படம் பார்த்தாச்சு. வெள்ளிக்கிழமை தமிழில் ஒரு தடவை, நேற்று சாயங்காலம் ஜப்பானிய மொழியில் இன்னொரு தடவை. தொண்டை கட்டிக் கிடக்கிறது, கண் இரண்டும் வீங்கியிருக்கிறது, ஆனாலும் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் சொன்னால் அம்மா "பொம்மப் படத்துக்கா இம்புட்டு அழுக?" என்று கேட்பாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

டீமன் ஸ்லேயர் என்றால் என்னவென்றே தெரியாமல் இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம். நூறு வருஷத்துக்கு முந்தின ஜப்பான். தஞ்சிரோ மலையில் கரி சுட்டு விற்கிற வீட்டுப் பையன். ஒரு நாள் கரி விற்றுவிட்டு வீடு திரும்பினால் அம்மாவும் தம்பி தங்கைகளும் செத்துக் கிடக்கிறார்கள், நெசுக்கோ என்ற ஒரு தங்கச்சி மட்டும் அரக்கியாக மாறி உயிரோடு இருக்கிறாள். அவளைத் திரும்ப மனுஷியாக்க வேண்டும், இதைச் செய்த அரக்கர் தலைவன் முசானைத் தேடிப் பிடிக்க வேண்டும், இவ்வளவுதான் கதை. கோயோஹாரு கோடோகே வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, 2016-ல் தொடங்கி 2020-ல் முடிந்தது, மொத்தம் 23 புத்தகம். 2019-ல் யூஃபோடேபிள் என்கிற ஸ்டூடியோ அதை அனிமேயாக, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடராகக் கொண்டுவந்தது. 2020 அக்டோபரில் முகென் ரயில் படம் வந்து, அதுவரை ஜப்பானில் ஓடிய எல்லாப் படத்தின் வசூலையும் தாண்டிப் போனது. இப்போது வந்திருக்கும் இன்ஃபினிட்டி காசில் முடிவுக் கதை. அதை மூன்று படமாக எடுக்கிறார்கள், அதில் இது முதலாவது.

எனக்கு முழுக் கதையும் தெரியும். மாங்காவை எப்போதோ படித்து முடித்துவிட்டேன். என் தம்பிக்குத் தெரியாது. அவன் படிக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தான், படமாகத்தான் பார்ப்பானாம். ஜப்பானில் 2025 ஜூலை 18-ம் தேதி வெளியானது, நமக்கு செப்டம்பர் 12. சரியாக எட்டு வாரம், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை. அந்த எட்டு வாரமும் அவன் இன்ஸ்டாகிராம் பக்கம் போகவில்லை, யூடியூபில் எந்தப் படத்தைத் தொட்டாலும் முதலில் என்னிடம் போனை நீட்டி "அக்கா, இது பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவான். யார் ஜெயிப்பார், யார் சாவார் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்கிறவனிடம் சொல்லக் கூடாது. எனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவனுக்குத் தெரியாது.

நாங்கள் இருப்பது கல்லிடைக்குறிச்சி. நான் அம்பாசமுத்திரத்தில் ஒரு பிரிண்டிங் கடையில் டிசைன் பார்க்கிறேன், தம்பி பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். சின்ன வயசில் ஹங்காமாவில் ஷின்சான் தமிழில் பேசியதைப் பார்த்து வளர்ந்த வீடு எங்கள் வீடு. அப்போது அனிமே என்ற சொல்லே தெரியாது, எல்லாமே கார்ட்டூன்தான். பிறகு ஒரு போன், ஒரு இயர்போன், ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில். முகென் ரயிலைக்கூட நாங்கள் அப்படித்தான் பார்த்தோம், உள்ளங்கை அளவு திரையில். அதில் தஞ்சிரோவோடு வரும் வீரன் ரெங்கோகு செத்தபோது தம்பி ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அவனைக் கொன்றது அகாசா என்ற அரக்கன். இந்தப் படத்தில் அகாசா திரும்ப வருகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து தம்பி சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: "அவன் சாகுறத நான் தியேட்டர்ல பார்க்கணும்க்கா."

அதற்காகத்தான் அந்தச் சட்டை. சட்டை என்று சொல்லக் கூடாது, ஹவோரி. தஞ்சிரோ மேலே போட்டிருக்கும் பச்சை கறுப்புக் கட்டம் போட்ட மேலங்கி. ஆன்லைனில் கிடைக்கிறது, ஆனால் துணி கொசுவலை மாதிரி இருக்கும் என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். கடைத்தெருவில் அந்த அளவுப் பெரிய கட்டம் எங்கேயும் இல்லை, கைலிக் கட்டம்தான் இருக்கிறது. கடைசியில் எங்கள் தெரு முனையில் இருக்கிற டெய்லர் அண்ணாச்சியிடம் போனோம். போனில் படத்தைக் காட்டியதும் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "குலசைக்கா?"

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு எங்கள் பக்கத்தில் மாலை போட்டு, வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக்கொண்டு போய் அம்மன் உண்டியலில் போடுவார்கள். காளி, குறவன், குறத்தி, போலீஸ், ராஜா, குரங்கு, கரடி, என்ன வேஷம் வேண்டுமானாலும் உண்டு. ஆகஸ்ட் பிறந்தாலே டெய்லர் கடைகளில் சிவப்புச் சாட்டினும் ஜிகினாவும்தான் தொங்கும். அண்ணாச்சி கடையிலும் அன்றைக்கு ஒரு காளி ஆடை பாதி தைத்து மெஷின் மேல் கிடந்தது. அதனால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. நாங்கள் சினிமாவுக்கு என்றோம். "சினிமா பார்க்கப் போறதுக்கு எதுக்குலே வேஷம்?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார். அவன் முழித்தான். நான்தான் சொன்னேன், ஜப்பான் சாமி கதை மாதிரி அண்ணாச்சி, அரக்கனை வெட்டுகிற பையன் போடுகிற உடுப்பு என்று. "அப்ப சரி, சம்ஹாரம்தான?" என்று டேப்பை எடுத்துவிட்டார்.

அவர் தைத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் ஒவ்வொரு சதுரமாக வெட்டி ஒட்டுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிச் செய்தால் நூற்றைம்பது துண்டு வரும், ஒன்றும் நேராக நிற்காது. அண்ணாச்சி பச்சையில் நீள நீளமாகப் பட்டை வெட்டினார், கறுப்பிலும் அதே அகலத்தில் வெட்டினார். பச்சை, கறுப்பு, பச்சை, கறுப்பு என்று மாற்றி மாற்றிப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்ததும் கோடு போட்ட ஒரு பெரிய துணி வந்தது. அதைத் திருப்பிப் போட்டுக் குறுக்கே, அதே அகலத்துக்குத் திரும்பவும் பட்டை பட்டையாக வெட்டினார். இப்போது ஒவ்வொரு பட்டையிலும் பச்சையும் கறுப்பும் மாறி மாறி இருக்கிறது. ஒன்று விட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைத்தார், அவ்வளவுதான், கட்டம் வந்துவிட்டது! மூலைக்கு மூலை ஒரு நூல் அளவுகூட விலகவில்லை. தம்பி "சூப்பர் அண்ணாச்சி" என்று கத்தினான். "கட்டம் சேரலைன்னா அது தையலாலே?" என்றார் அவர். கூலி 450 ரூபாய், துணி காளி ஆடையில் மிஞ்சிய கறுப்புச் சாட்டின் என்பதால் அதற்குக் காசு வாங்கவில்லை, பச்சைக்கு மட்டும் வாங்கினார். அப்புறம் அவராகவே உள்பக்கம் இடுப்புக்கு நேராக ஒரு பை வைத்துவிட்டார். தஞ்சிரோவின் ஹவோரியில் அங்கே பை கிடையாது என்று தம்பி சொல்லிப் பார்த்தான். "வேஷத்துக்குப் பை வேணும்லா? காணிக்கைய எங்கன போடுவ?"

காதணி என் வேலை. தஞ்சிரோவின் அப்பா அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போன சீட்டு மாதிரியான காதணி, உதிக்கிற சூரியன் வரைந்தது. கடையில் மிச்சம் கிடந்த கல்யாணப் பத்திரிகை அட்டையில் பிரின்ட் எடுத்து, இரண்டு பக்கமும் லேமினேட் பண்ணி, பிளேடால் அறுத்தேன். தம்பிக்குச் சாஸ்தா கோயிலில் வைத்துக் காது குத்தியது, அந்த ஓட்டை எப்போதோ தூர்ந்துபோய்விட்டது. அதனால் ஃபேன்சி ஸ்டோர் கிளிப் வைத்து மாட்டினோம். வாளுக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை, தியேட்டரில் விட மாட்டார்கள் என்று.

வெள்ளிக்கிழமை காலை செங்கோட்டையிலிருந்து வருகிற பாசஞ்சரில் ஏறினோம். தம்பி வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்துவிட்டான், நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பெட்டியில் எல்லோரும் பார்த்தார்கள். எதிரே ஒரு ஆச்சி, காலடியில் அப்பளக் கட்டுப் பை. வீரவநல்லூர் தாண்டுகிற வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மடியை அவிழ்த்து, சுருட்டி வைத்திருந்த ஒரு பத்து ரூபாயை எடுத்து, கையில் வைத்து ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டு அவனிடம் நீட்டினாள். "அதுக்குள்ள வேஷம் கட்டிட்டியாய்யா? கொடியேறலையே இன்னும். சரி, இந்தா, தாயிக்குப் போட்டுரு." தம்பி என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வது? ஆச்சி, இது சினிமாவுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் கண்ணில் ஒற்றிக் கொடுத்துவிட்டாள், அது அம்மனுக்குக் கொடுத்தது. தம்பி இரண்டு கையாலும் வாங்கி, நெற்றியில் வைத்து, அண்ணாச்சி வைத்த பைக்குள் போட்டான். சேரன்மகாதேவியில் ஆச்சி இறங்கினாள். "பத்திரமாப் போய்ட்டு வாங்க மக்களே" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

திருநெல்வேலியில் இறங்கித் தியேட்டர் வாசலுக்கு வந்ததும் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பத்துப் பதினைந்து பேர் வருவார்கள் என்று நினைத்துப் போனோம். வாசல் நிறைய ஆட்கள். பாளையங்கோட்டைக் கல்லூரிப் பையன்கள் ஒரு பட்டாளம். தென்காசியிலிருந்து மூன்று பெண்கள், அதில் ஒருத்தி கதையில் வரும் வீராங்கனை ஷினோபுவின் பட்டாம்பூச்சி ஊசி குத்தியிருந்தாள். கோவில்பட்டியிலிருந்து பைக்கில் வந்த இரண்டு பேர், ஒருவன் தோளில் ரெங்கோகுவின் தீ நாக்கு போட்ட போர்வை. ஒரு அப்பா, எட்டு வயசு மகளுடன், அவள் வாயில் நெசுக்கோ கவ்விக்கொண்டிருக்கும் மூங்கிலுக்குப் பதிலாகப் பச்சைத் தாள் சுற்றிய சின்ன பைப் துண்டு, கழுத்தில் ரிப்பன் போட்டுக் கட்டியிருந்தார். தம்பியைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை பைப்பை எடுத்துவிட்டு "அண்ணா!" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. யாரென்றே தெரியாது! இத்தனை வருஷம் நானும் தம்பியும் மட்டும்தான் இந்த ஜில்லாவிலேயே இதைப் பார்க்கிறோம் என்று நினைத்திருந்தோம். இத்தனை பேரும் இத்தனை நாளும் எங்கே இருந்தார்கள், அவரவர் மொட்டை மாடியில்தானா?

உள்ளே விளக்கு அணைந்ததும் போட்ட சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

முதலில் கோட்டை. முசானின் கோட்டைக்கு மேலும் கிடையாது கீழும் கிடையாது. மரத் தளம், காகிதக் கதவு, விளக்கு வரிசை, படிக்கட்டு, எல்லாம் எந்தப் பக்கமும் முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது, எல்லோரும் அதற்குள் விழுகிறார்கள். நாகிமே என்ற அரக்கி பிவா என்ற நரம்பு வாத்தியத்தை ஒரு தடவை மீட்டினால் அறை நகர்கிறது, சுவர் திரும்புகிறது, நின்ற இடம் கூரையாகிறது. எனக்கு அந்தச் சத்தம் கேட்டதும் நெல்லையப்பர் கோயில் ஞாபகம்தான் வந்தது. சின்ன வயசில் அங்கே இசைத் தூணைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஆயிரங்கால் மண்டபத்துப் பக்கம் எட்டிப் பார்த்தால், தூணுக்குப் பின்னால் தூண், அதற்குப் பின்னால் இருட்டு, உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாது என்று ஒரு பயம் வரும். அந்தப் பயம் அப்படியே திரும்ப வந்தது, இருபது வருஷம் கழித்து, ஒரு ஜப்பான் படத்தில்.

நாள் முழுக்கக் கலர் பார்க்கிற வேலை எனக்கு, அதனால் இதைச் சொல்ல வேண்டும். கோட்டை முழுக்க கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகக் கட்டியது, அதற்குள் ஓடுகிற ஆட்கள் வரைந்தவர்கள். இரண்டையும் ஒன்றாக வைத்தால் சாதாரணமாக ஆள் தனியாக, சுவர் தனியாகத் தெரியும், ஒட்டாது. இங்கே விளக்கு வெளிச்சம் ஆள் முகத்தில் விழுகிற இடத்தில் அந்தக் கோடே கொஞ்சம் நிறம் மாறுகிறது. தண்ணீர் சுவாசம் என்ற வாள் வித்தையில் வாளைச் சுற்றி வருகிற அலையை ஜப்பானியப் பழைய மரக்கட்டை அச்சுப் படங்கள் மாதிரி வரைகிறார்கள், ஓரத்தில் தடித்த கோடு, உள்ளே மெல்லிய கோடு. போனில் பார்க்கும்போது எனக்கு அது நீலமாகத்தான் தெரிந்தது. பெரிய திரையில் ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்தது. இதற்காக மட்டுமே தியேட்டருக்குப் போகலாம், நான் சத்தியமாகச் சொல்கிறேன்.

இனிமேல் கதை வரும். படம் பார்க்காதவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மொத்தம் 155 நிமிஷம், மூன்று பெரிய சண்டை. ஷினோபு டோமா என்ற அரக்கனிடம் தோற்கிற இடத்தில் அந்தத் தென்காசிப் பெண் விம்மியது மூன்று வரிசை தள்ளி எனக்குக் கேட்டது. ஷினோபு சின்ன உடம்புக்காரி, அரக்கன் கழுத்தை வெட்டுகிற பலம் அவள் கையில் இல்லை, அதனால் விஷத்தை நம்புகிறாள். டோமாவோ ஒவ்வொரு விஷத்தையும் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொள்கிறான். தஞ்சிரோவின் கூட்டாளி ஜெனிட்ஸு போடுகிற சண்டை சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் தியேட்டரே எழுந்து நின்றது அதற்குத்தான். குருவிடம் ஒரே ஒரு வித்தையை மட்டும் கற்றுக்கொண்ட பயந்தாங்கொள்ளி, அந்த ஒன்றை மட்டும் கற்க முடியாமல் மீதி எல்லாவற்றையும் கற்ற மூத்தவன் காய்காகு. மூத்தவன் அரக்கனாகப் போனதற்காக உயிரை விட்டவர் குரு. ஜெனிட்ஸு தானே உண்டாக்கின புது வித்தையில் அது முடிகிறது. தம்பி சீட் மேல் ஏறி நின்றுவிட்டான், நான் பிடித்து இழுத்தேன்.

இன்டர்வெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கிற இடத்தில் பட்டென்று விளக்கைப் போட்டார்கள். படம் எடுத்தவர்கள் இடைவேளை வைத்து எடுக்கவில்லை, நாம் வைத்துக்கொள்கிறோம். சரி, பாப்கார்ன் விற்க வேண்டும், புரிகிறது, ஆனாலும் ஒரு சண்டை முடிகிற இடம் பார்த்து வைத்திருக்கலாம். எனக்கு அதில் வருத்தம்தான்.

அப்புறம் அகாசா.

தஞ்சிரோவும் மூத்த வீரன் கியூவும் ஒரு பக்கம், அவன் ஒருவன் ஒரு பக்கம். அவன் நின்று காலை ஊன்றினதும் காலடியில் ஒரு வடிவம் விரியும், ஆறு கை நீட்டின பனிப்பூ. மார்கழியில் வாசலில் அம்மா போடுகிற நட்சத்திரக் கோலம் மாதிரியே இருக்கும். அதை வைத்துத்தான் எதிராளி எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று கண்டுபிடிக்கிறான். அது ஏன் பனிப்பூ என்பதில்தான் அவன் கதையே இருக்கிறது. தஞ்சிரோ அவன் தலையை வெட்டுகிறான். தியேட்டர் கூரை பிய்ந்துவிடும்போல் விசில், தம்பி கத்தியதில் பக்கத்து சீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். ரெங்கோகு போர்வைக்காரன் எழுந்து போர்வையைச் சுழற்றினான். எனக்கு மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டது, ஏனென்றால் எனக்குத் தெரியும், இது முடிவு இல்லை.

தலை போன உடம்பு விழவில்லை. தலை திரும்ப முளைக்கப் பார்க்கிறது. அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துபோன தன் மனுஷ வாழ்க்கை ஞாபகம் வருகிறது. பெயர் ஹாகுஜி. சீக்காளி அப்பாவுக்கு மருந்து வாங்கத் திருடுகிறான், பிடிபடுகிறான், ஒவ்வொரு தடவையும் கையில் வளையம் மாதிரிப் பச்சை குத்துகிறார்கள். தன்னால்தான் பிள்ளை திருடுகிறான் என்று அப்பா தூக்குப் போட்டுச் செத்துப்போகிறார். பிறகு ஒரு குரு, கெய்ஸோ, அவனை அடித்துத் திருத்தி வீட்டுக்குக் கூட்டிப் போய், நோயாளி மகள் கொயுகியைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அவள் கொண்டையில் குத்தியிருப்பது பனிப்பூ ஊசி. பெயரிலேயே பனி இருக்கிறது. உடம்பு தேறி, இருவருக்கும் கல்யாணம் பேசி, வாணவேடிக்கை பார்க்கிற ராத்திரி அவள் சொல்லச் சொல்ல இவன் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுக்கிறான். அப்பாவின் சமாதிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவதற்குள் பகைக்காரர்கள் கிணற்றில் விஷம் கலந்துவிடுகிறார்கள். குருவும் இல்லை, அவளும் இல்லை. வெறும் கையாலேயே 67 பேரைக் கொன்றுவிட்டு, நினைப்பே இல்லாமல் நடந்து போகிறவனைத்தான் முசான் அரக்கனாக்குகிறான். பெயர் மறந்தது, ஆள் மறந்தது, ஆனால் அந்தப் பனிப்பூ மட்டும் காலடியில் நின்றுவிட்டது. பெண்களை அவன் கொல்வதும் இல்லை.

ஞாபகம் வந்ததும் அவன் தன் அடியைத் தன் மேலேயே திருப்பிக்கொள்கிறான். யாரும் கொல்லவில்லை அவனை. தஞ்சிரோவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கிறான், அவ்வளவுதான்.

தியேட்டரில் ஒரு விசில் இல்லை, ஒரு கைதட்டல் இல்லை. ரெங்கோகு போர்வையைச் சுழற்றின அதே பையன் அந்தப் போர்வையின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். ஐந்து வருஷமாக "சாகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் காதில் ஒரு கிளிப் கழன்று மடியில் விழுந்து கிடப்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

வெளியே வந்து எல்லோரும் ஒன்றாகவே நடந்து ஈரடுக்கு மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நின்றோம். யாரும் யாரிடமும் பெயர் கேட்கவில்லை, நேராகப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். கல்லூரிப் பையன்களில் இரண்டு பேருக்கு ஒரு குறை: சண்டை நடுவில் ஃப்ளாஷ்பேக் அதிகம், வேகத்தைக் கெடுக்கிறது. இதே குறையை வேறு சிலரும் சொல்லிக் கேட்டேன். எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை, அங்கேயே சண்டை போட்டேன், இங்கேயும் சொல்கிறேன்.

நீங்கள் கோயில் கொடை பார்த்ததே இல்லையா? வில்லுப்பாட்டில் சாமி எப்படி வருகிறது? பிறந்த கதை, வளர்ந்த கதை, ஆசைப்பட்ட கதை, அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்த கதை, அதையெல்லாம் ராத்திரி முழுக்கப் பாடினால்தான் கடைசியில் உடுக்கு வேகம் பிடித்து ஆட்டம் வரும். எங்கள் பக்கம் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்பு நேர்ந்து போடுகிறார்கள். பிராமணனாகப் பிறந்து, பொம்மக்கா திம்மக்கா என்கிற செருப்புத் தைக்கிற வீட்டுப் பெண்களைக் கட்டி, மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த முத்துப்பட்டன் அவன். அந்தக் கதை தெரியாவிட்டால் அங்கே தொங்குவது வெறும் செருப்பு. அகாசாவின் பனிப்பூவும் அப்படித்தான். வெட்டு விழுகிற நேரத்தில் கதையை நிறுத்தி யார் இவன் என்று சொல்வது நமக்குப் புதுசே இல்லை, நம் ஆச்சிமார் தலைமுறை தலைமுறையாக விடிய விடிய உட்கார்ந்து கேட்டது அதைத்தான். நான் இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்ததும் அந்த நெசுக்கோப் பிள்ளையின் அப்பா "கரெக்டும்மா" என்றார். கல்லூரிப் பையன்கள் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். இப்போது எங்களுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் இருக்கிறது, நேற்று ராத்திரி கணக்குக்கு 31 பேர்.

தமிழா ஜப்பானிய மொழியா என்று குரூப்பில் இரண்டு நாளாக அடிதடி. அதற்காகத்தான் நேற்று தனியாக இன்னொரு தடவை போனேன். தஞ்சிரோவுக்கு நட்சுகி ஹனாயே, அகாசாவுக்கு அகிரா இஷிதா, இவர்கள் குரலைக் கேட்காமல் விடுவது பாவம்தான். முக்கியமாக இஷிதா, இரக்கமே இல்லாத அதே தொண்டைக்குள்ளிருந்து ஹாகுஜியின் குரல் வெளியே வருகிற இடம். அதை யாராலும் மாற்றிவிட முடியாது. ஆனால் ஜப்பானிய மொழியில் பார்க்கும்போது ஆங்கில வரி திரையின் அடியில் ஓடுகிறது, கண் அங்கேயே நிற்கிறது. நான் சொன்ன கோடு, வெளிச்சம், எல்லாம் பாதி போய்விடுகிறது. தமிழில் பார்த்தபோது கண் முழுக்கப் படத்தின் மேல் இருந்தது. அது மட்டுமில்லை, எட்டு வயசுப் பிள்ளை பக்கத்தில் யாரும் விளக்கிச் சொல்லாமல் அவளாகவே அழுதாள். அவளுக்கு ஆங்கில வரியை யார் படித்துச் சொல்வது? முதல் தடவை தமிழில் பாருங்கள், இரண்டாம் தடவை ஜப்பானிய மொழியில் பாருங்கள், இதுதான் என் தீர்ப்பு, குரூப்பில் திட்டுகிறவர்கள் திட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை திரும்பும்போது ரயிலில் தம்பி ஹவோரியைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தான். பேட்டை தாண்டின பிறகுதான் வாயைத் திறந்தான். "அவன் அப்பா மருந்துக்கு எவ்வளவுக்கா ஆகியிருக்கும்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். பிறகு ஊர் வரும் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு கை மட்டும் அந்தப் பைக்குள் இருந்தது.

நேற்று அம்மா அதைத் துவைக்க எடுத்தபோது பையில் என்னவோ இருக்கிறதே என்று கேட்டாள். தம்பி உள்ளேயிருந்து ஓடிவந்து அந்தப் பத்து ரூபாயை எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறான். செப்டம்பர் 23-ம் தேதி குலசையில் கொடியேற்றம், அக்டோபர் 2 சூரசம்ஹாரம். போகிறானாம். அண்ணாச்சியிடம் போய், இந்தக் கட்டம் போட்ட உடுப்பிலேயே அங்கே வரலாமா என்று கேட்டிருக்கிறான். "தாராளமா வாலே" என்றாராம், கை மட்டும் ஒரு இஞ்ச் குறைக்க வேண்டுமாம், ஆட்டத்தில் தடுக்குமாம்.